ஒலிப்பதிவும் அரங்கும்: நேரடி இசைநிகழ்ச்சிகள் தரும் ஏமாற்றம் குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

இசைநிகழ்ச்சி முடிந்து அரங்கை விட்டு வெளியேறுவோர் நடுவே சிறிது நேரம் நின்றால் ஒரு தொடர் தவறாமல் காதில் விழும்: ‘பதிவில் கேட்டதுபோல் இல்லை.’ கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் புகழ்பெற்ற தமிழ்த் திரையிசைக் கலைஞர்கள் பாடிச் செல்லும்போது இத்தொடர் எழுகின்றது. கருநாடக இசைக் கச்சேரிகளிலும், குறுவட்டில் கேட்டுப் பழகிய ஒருவரை முதன்முறையாக நேரில் கேட்போரிடம் இதே தொடர் எழுகின்றது. சொல்வோர் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய ஏமாற்றம் உண்மையானது. நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த வெள்ளியும் உண்மையானது.

ஆயினும் அத்தொடரில் உள்ள ‘போல்’ என்னும் உவமஉருபு ஆராயத்தக்கது. உவமை பொருளினும் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பது தொல்காப்பிய உவமவியலின் கொள்கை. ‘பதிவில் கேட்டதுபோல் இல்லை’ என்போர், தாம் அறியாமலேயே பதிவை உயர்ந்த இடத்தில் உவமையாக வைத்து, கண்முன்னே பாடும் மனிதரைத் தாழ்ந்த இடத்தில் பொருளாக வைத்துவிடுகின்றனர். பாடுவோர் இருக்க, அவரது நிழல் அளவுகோலாகிவிட்டது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, ஏமாற்றங்கள் அனைத்தும் ஒரே தன்மையனவா, அவற்றுள் எதனைக் கலைஞரின் குறையாகக் கொள்ளலாம் என்னும் மூன்று வினாக்களுக்கு விடைகாண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிலம்பு காட்டும் அளவுகோல்

ஒலிப்பதிவு தோன்றுவதற்கு முன்பும் இசையரங்குகள் ஏமாற்றம் தந்திருக்கும். அக்காலத்தில் அரங்கை அளந்த கோல் எது என்பதை அறியச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையே தமிழில் நமக்குக் கிடைக்கும் விரிவான சான்று. ஏழாண்டுப் பயிற்சிக்குப் பின் பன்னிரண்டாம் அகவையில் மாதவி அரங்கேறுகிறாள். அவளுடைய ஆடலைக் கூறுமுன் இளங்கோவடிகள், ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழ்ப்புலமையோன் ஆகியோரின் தகுதிகளை ஒவ்வொன்றாக அடுக்கிக் கூறுகிறார். அரங்கின் அளவும் அங்கே குறிக்கப்படுகின்றது. இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அவ்வரங்கு அமைகிறது. தூண்களின் நிழல் மேடைமேல் விழாதவாறு விளக்குகள் வைக்கப்படுகின்றன.

இவ்விவரங்களிலிருந்து மூன்று அளவைகளைப் பெறலாம். முதலாவது, கலைஞரின் பயிற்சி. இரண்டாவது, உடன் இசைப்போரின் இயைபு. தண்ணுமை ஆசிரியன் பிற கருவிகள் விட்ட இடத்தை நிரப்பவும், தன் ஓசை மிகாதவாறு அடக்கவும் அறிந்தவனாக இருத்தல் வேண்டும் என்னும் கருத்து இங்கு நினைவுகூரத்தக்கது. மூன்றாவது, அரங்கின் தகுதி. நிழல் விழும் அரங்கில் ஆடியவள்மேல் குறை சொல்வது முறையாகாது. முந்தைய ஆடலொன்றன் நகலாக மாதவியின் ஆடல் இருந்ததா என்னும் வினா அங்கே எழவில்லை. நகல் என ஒன்று இல்லாத உலகில் அவ்வினா எழவும் இயலாது. இலக்கணத்திற்கும் காலத்திற்கும் இடத்திற்கும் பொருந்த அமைந்ததா என்பதே அன்றைய வினா.

பதிவு மூலமான வரலாறு

இந்திய மண்ணில் வணிக நோக்கிலான ஒலிப்பதிவு 1902 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தொடங்கியது. அவ்வாண்டு கவுஹர் ஜான் பாடிப் பதிவு செய்த இசைத்தட்டுகள் இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவை. அன்றைய தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடங்களே ஓடும். ஒரு மணி நேரம் விரியக்கூடிய இராகத்தை மூன்று நிமிடத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. அக்காலத்தில் தட்டினைக் கேட்டவர் எவரும் அதனைக் கச்சேரியென்று மயங்கியிருக்க மாட்டார். தட்டு ஓர் அறிமுகச் சீட்டாகவே இருந்தது. அரங்கே மூலம்.

அரங்கும் மாறாமல் இருக்கவில்லை. ஒலிபெருக்கி வருமுன் கூட்டத்தின் கடைசி வரிசை வரை கேட்க வேண்டுமாயின் உயர்ந்த சுருதியில் உரக்கப் பாட வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பா (1906-1933) நாடக மேடைகளில் புகழ்பெற்றதற்கு அவ்வகைக் குரல்வளமும் ஒரு காரணம். 1930களில் ஒலிவாங்கி மேடைக்கு வந்தபின் தாழ்ந்த சுருதியும் மென்மையான கமகமும் பின்வரிசையை எட்டின. ஆகவே, ‘தூய’ நேரடி இசை ஒருபுறமும் கருவியால் ஆன பதிவு மறுபுறமுமாகப் பிரித்துக் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. ‘நேரடி’ என்னும் சொல்லே பதிவு வந்தபின் தேவைப்பட்ட சொல் என்று அமெரிக்க ஆய்வாளர் பிலிப் ஆஸ்லாண்டர் 1999 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். எல்லா இசையும் நேரடியாகவே இருந்த காலத்தில் அதற்குத் தனிப்பெயர் எதற்கு?

பெரிய திருப்பம் காந்தநாடா வந்தபின் நேர்ந்தது. நாடாவை வெட்டி ஒட்டலாம். பிழையான இடத்தை மட்டும் நீக்கி, நல்ல இடத்தை வைத்துக்கொள்ளலாம். கனடா நாட்டுப் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் (1932-1982) இவ்வாய்ப்பைக் கொள்கையாகவே ஏற்றார். 1964 ஆம் ஆண்டு ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வாசித்தபின், முப்பத்தொன்றாம் அகவையில், அவர் பொதுமேடையை விட்டு விலகினார். எஞ்சிய வாழ்நாளெல்லாம் பதிவுக்கூடத்திலேயே கழிந்தது. மேடையில் அடைய முடியாத செம்மையைப் பதிவில் அடையலாம் என்று அவர் நம்பினார்.

பீட்டில்ஸ் குழுவினர் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தனர். 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் ஏறத்தாழ 55,000 பேர் முன்னிலையில் அவர்கள் பாடினர். இரசிகர்களின் கூச்சலில் பாட்டு மூழ்கியது. பாடியவர்களுக்கே தம் குரல் சரிவரக் கேட்கவில்லை. மறுஆண்டு ஆகஸ்டில் ‘ரிவால்வர்’ தொகுப்பு வெளிவந்தது. நாடாச் சுருள்களைச் சுழலவிட்டும் தலைகீழாக ஓடவிட்டும் ஆக்கிய பாடல்கள் அதில் இருந்தன. அதே மாதம் அவர்கள் மேற்கொண்ட இசைப்பயணத்தில் அத்தொகுப்பின் பாடல் ஒன்றுகூட மேடையேறவில்லை. 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த நிகழ்ச்சியோடு அவர்களின் இசைப்பயணங்கள் முடிவுற்றன.

இவ்விரண்டு எடுத்துக்காட்டுகளும் ஒன்றை உணர்த்துகின்றன. 1960களின் நடுப்பகுதியில், மேடையில் ஒருபோதும் நிகழாத இசையைப் பதிவுக்கூடம் படைக்கத் தொடங்கிவிட்டது. அதற்குமுன் பதிவு அரங்கின் நகல். அதற்குப்பின் அரங்கு பதிவின் நகலாக வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு எழுந்தது. நகல் மூலம் போல் இல்லை என்னும் புலம்பல் அங்குதான் பிறந்தது.

முதல்வகை: அரங்கின் குறை

இனி ஏமாற்றத்தை வகைப்படுத்தலாம். முதலாவது வகையில் கலைஞர்மேல் குறை இல்லை. சிலம்பின் மொழியில் கூறின், அது தூணின் நிழல் விழுந்த அரங்கு.

நம் நாடுகளில் பெரிய திரையிசை நிகழ்ச்சிகள் பலவும் விளையாட்டுக்கெனக் கட்டப்பட்ட உள்ளரங்குகளிலோ திறந்த அரங்குகளிலோ நடைபெறுகின்றன. பூப்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் ஏற்ற உயர்ந்த கூரையும் கடினமான சுவர்களும் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்பும். விரைவான நடையில் மிருதங்கமோ தபேலாவோ விநாடிக்கு எட்டுச் சொற்களை ஒலிப்பதாகக் கொள்வோம். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே எட்டில் ஒரு பங்கு விநாடியே உண்டு. அரங்கில் எதிரொலி இரண்டு மூன்று விநாடிகள் நீடிக்குமாயின், பல சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து இரைச்சலாகும். கலைஞர் தெளிவாகவே வாசித்திருப்பார். கேட்பவர் காதில் மட்டும் தெளிவு இராது.

திறந்த அரங்கில் இடர் வேறு. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மேடையிலிருந்து 100 மீட்டர் தொலைவில் இருப்பவரை அது ஏறக்குறைய 0.3 விநாடி தாமதித்தே அடைகிறது. பெருந்திரையில் பாடகரின் உதடு ஒன்றைச் சொல்ல, காது அதற்குமுன் பாடியதைக் கேட்கும். இடையே துணை ஒலிபெருக்கிகளை நிறுவி, அவற்றின் நேரத்தைக் கணக்கிட்டுப் பொருத்தினாலன்றி இக்குறை நீங்காது.

இசைக்கெனவே எழுந்த அரங்குகளும் நம்மிடையே உண்டு. கோலாலம்பூரில் 1998 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கும், சிங்கப்பூரில் 2002 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எஸ்பிளனேட் இசையரங்கும் ஒலியியல் வல்லுநர் துணையோடு அமைந்தவை. ஆனால், அவற்றின் இருக்கைகள் சில நூறு, மிஞ்சினால் ஆயிரத்துச் சொச்சம். புகழ்பெற்ற திரையிசைக் கலைஞரை அழைத்து வரும் செலவை அவ்விருக்கைகளைக் கொண்டு ஈடுகட்டுவது கடினம். ஆகவே, எந்தக் கலைஞரின் பதிவு நுண்மையாக இருக்கிறதோ அவரே நுண்மைக்குப் பொருந்தாத இடத்தில் பாட நேர்கிறது. புகழ் ஏற ஏற அரங்கு கெடுகிறது எனலாம்.

ஏற்பாட்டுக் குறைகளும் இவ்வகையின்பாற்படும். 2023 செப்டம்பர் 10 அன்று சென்னையில் நடைபெற்ற ஏ.ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சியில், நுழைவுச்சீட்டு வைத்திருந்த பலர் நெரிசலால் உள்ளே செல்ல முடியாமல் திரும்பினர். பின்னர் ரகுமான், பங்கேற்க முடியாதவர்கள் சீட்டின் படியை அனுப்புமாறு கேட்டுக்கொண்டார். அன்று ஏமாந்தோர் பலர் இசையையே கேட்கவில்லை. ‘ரகுமான் நிகழ்ச்சி ஏமாற்றம்’ என்னும் தொடரில் இசையைப் பற்றிய மதிப்பீடு எதுவும் இல்லை என்பதைத் திறனாய்வாளர் உணர வேண்டும்.

இரண்டாம் வகை: கலைஞரின் பிழை

கலைஞரைக் குறைகூறத் தகுந்த ஏமாற்றங்களும் உண்டு. அவற்றை மூடிமறைப்பது திறனாய்வு ஆகாது. ஒத்திகையின்றி மேடையேறுதல், பாடல் வரிகளை மறத்தல், உள்ளூர் இசைக்குழுவோடு முன்னதாக ஒருநாளேனும் அமராமல் நிகழ்ச்சியன்று காலையில் வந்திறங்குதல், ஒரே வாரத்தில் பல கச்சேரிகளை ஒப்புக்கொண்டு களைத்த குரலோடு அமர்தல் ஆகியவை பயிற்சி, இயைபு என்னும் இரண்டு அளவைகளிலும் தவறுவன. மார்கழித் திங்களில் சென்னைச் சபாக்களில் அடுத்தடுத்த நாள்களில் பாடுவோரின் குரல் தேய்ந்து வருவதை இரசிகர்கள் நன்கு அறிவர்.

இவ்வகையின் உச்சம், பாடாமல் பாடுவதாகக் காட்டுதல். 1989 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மில்லி வனில்லி என்னும் இருவர் குழு மேடையில் நின்றபோது, ஓடிக்கொண்டிருந்த பதிவு சிக்கி ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஒலித்தது. 1990 பிப்ரவரியில் அவர்களுக்குக் கிராமி விருது வழங்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில், தொகுப்பில் ஒலித்தவை அவர்களுடைய குரல்களே அல்ல என்பது வெளியானபின் விருது திரும்பப் பெறப்பட்டது.

தமிழ் இரசிகர்க்கு இங்கே ஒரு வினா எழலாம். திரையில் உதடசைப்பவர் ஒருவர், பாடுபவர் மற்றொருவர் என்பதைப் பல தலைமுறையாக நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். பின்னணிப் பாடகரின் பெயரையும் நடிகரின் பெயரையும் ஒருசேரச் சொல்லி மகிழ்கிறோம். அவ்வாறிருக்க, மேடையில் உதடசைப்பதை மட்டும் ஏன் மோசடி என்கிறோம்? விடை எளிது. திரையில் இரண்டு பெயர்களும் வெளிப்படையாக எழுதப்படுகின்றன. அது கலைஞருக்கும் காண்போருக்கும் இடையே தெரிந்தே செய்துகொண்ட உடன்பாடு. மேடையிலோ, ‘இப்போது, இங்கே, நான் பாடுகிறேன்’ என்பதே உடன்பாடு. சீட்டின் விலை அதற்கே தரப்படுகிறது. கலைஞரின் பிழையைக் காணும் அளவுகோல் குரலின் செம்மை மட்டுமன்று, இவ்வுடன்பாடு காக்கப்பட்டதா என்பதும் ஆகும்.

மூன்றாம் வகை: எதிர்பார்ப்பின் குறை

மூன்றாவது வகையே நுணுகி ஆராய வேண்டியது. இங்கு அரங்கும் குறையற்றது, கலைஞரும் தம் கடமையில் தவறவில்லை. எனினும் கேட்போர் ஏமாறுகின்றனர்.

பாப் டிலன் இதற்குச் சிறந்த சான்று. தனித்த கிதாரோடு பாடிப் பெயர்பெற்ற அவர், 1966 ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் நிகழ்ச்சியின் பிற்பகுதியை மின்கிதார்க் குழுவோடு பாடினார். அவையில் கைதட்டிக் குலைக்க முயன்றவர்கள் உண்டு. ஒருவர் ‘யூதாஸ்’ என்று, இயேசுவைக் காட்டிக்கொடுத்தவனின் பெயரைச் சொல்லிக் கூவினார். அந்நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு, வேறோர் அரங்கின் பெயரோடு, பல ஆண்டுகள் கள்ளத்தனமாகச் சுற்றிவந்து, 1998 ஆம் ஆண்டில் முறைப்படி வெளியிடப்பட்டது. இன்று அது அவருடைய சிறந்த பதிவுகளுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. அன்று கூவியவரின் குரலும் அப்பதிவிலேயே உள்ளது. ஏமாற்றம் தந்த நிகழ்ச்சியே பின்னர் மூலமாகிவிட்டது!

1988 ஆம் ஆண்டுமுதல் டிலன் ஏறக்குறைய இடைவிடாத இசைப்பயணங்களை மேற்கொண்டு வந்துள்ளார். தம் பழைய பாடல்களின் மெட்டையும் நடையையும் அவர் மாற்றிப் பாடுவதால், பாட்டின் நடுப்பகுதி வந்தபின்பே எந்தப் பாட்டு என்று அறிவோர் பலர். இலக்கியத்திற்கான நோபெல் பரிசை 2016 ஆம் ஆண்டில் பெற்ற ஒருவரின் நிகழ்ச்சியிலிருந்து மனம் கசந்து வெளியேறுவோர் இருக்கிறார்கள் என்பது வியப்பன்று. அவர்கள் பாட்டைத் தேடிச் சென்றனர். அவர் பாடிக்காட்டியதோ அப்பாட்டின் இன்றைய நிலை.

தமிழிசைச் சூழலில் எம்.டி. ராமநாதன் (1923-1984) நினைவுக்கு வருகிறார். டைகர் வரதாச்சாரியாரின் மாணவரான அவர், தாழ்ந்த சுருதியில் மிக விளம்பமான காலப்பிரமாணத்தில் பாடினார். விறுவிறுப்பான கச்சேரிக்குப் பழகிய அவையினர் பலருக்கு அது சோர்வு தந்தது. மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கிட்டவில்லை. அவர் மறைந்தபின், கச்சேரிகளிலும் வானொலியிலும் பதிவான அவருடைய இசையைத் தேடிக் கேட்கும் தலைமுறை ஒன்று உருவாயிற்று. அன்று அரங்கில் அவர் பாடியதும் இன்று பதிவில் ஒலிப்பதும் ஒன்றே. மாறியது செவி.

மொழியும் எதிர்பார்ப்பை ஆள்கிறது. 2017 ஜூலையில் இலண்டன் வெம்பிளி அரங்கில் ஏ.ஆர். ரகுமானின் நிகழ்ச்சி நடந்தது. ‘நேற்று இன்று நாளை’ என்று தமிழிலேயே அதற்குப் பெயரிட்டிருந்தனர். இந்திப் பாடல்களை எதிர்பார்த்து வந்தோருள் சிலர், தமிழ்ப் பாடல்கள் மிகுதி என்று கூறி நடுவிலேயே வெளியேறினர். பணத்தைத் திருப்பிக் கேட்டனர். அன்று பாடியவர்களின் சுருதியிலோ தாளத்திலோ எவரும் பெருங்குறை கண்டிலர். ‘ஏமாற்றம்’ என்னும் சொல் அங்கே இசைத்தீர்ப்பே அன்று.

இவ்வகைக்கும் சிலம்பிலேயே சான்று உண்டு. கானல்வரியில் கோவலன் யாழிசைத்துப் பாடுகிறான். மாதவியும் வேறு குறிப்புடையாள்போல் பாடுகிறாள். அவள் பாடியதில் இசைக்குற்றம் இல்லை. பாட்டின் தலைவியைப் பாடுபவளாகவே கொண்டு மயங்கிய கோவலன் எழுந்து போகிறான். ஊழ்வினை யாழிசையைச் சாக்காகக் கொண்டது என்கிறார் இளங்கோவடிகள். ஊழ் எதுவாயினும், நல்ல பாட்டைக் கேட்டுத் தவறாகப் பிரிந்த இரசிகன் என்ற முறையில் கோவலன் நமக்கு எச்சரிக்கையாக நிற்கிறான். அரங்கேற்று காதை கலைஞருக்கும் அரங்குக்கும் இலக்கணம் வகுத்தது. கானல்வரி கேட்போரின் பொறுப்பை உணர்த்தியது.

திரையிசை மேடையில் இரு வழிகள்

மேற்கண்ட வகைப்பாட்டைத் தமிழ்த் திரையிசை மேடைக்குப் பொருத்திப் பார்க்கலாம். 1976 ஆம் ஆண்டு ‘அன்னக்கிளி’யோடு அறிமுகமான இளையராஜா, ஒவ்வொரு கருவிக்கும் உரிய இசைக்குறிப்பைத் தாமே எழுதித் தருபவர். அவருடைய புகழ்பெற்ற பாடல்கள் பல, இசைக்கலைஞர்கள் ஒருங்கே அமர்ந்து வாசித்துப் பதிவானவை. பாடல் முதலில் தாளில் உள்ளது. பதிவும் மேடையும் அத்தாளின் இரு வடிவங்கள். ஆகவே, மேடையில் அவர் பதிவோடு இம்மியும் பிசகாத ஒப்புமையை நாடுகிறார். ஒரு கருவி பிறழ்ந்தால் பாட்டை நிறுத்தி, தொடக்கத்திலிருந்து மீண்டும் இசைக்கச் செய்வது அவருடைய நிகழ்ச்சிகளில் பலரும் கண்ட காட்சி. சிலருக்கு அது இடையூறு. ஆனால், பிழையை மறைக்காமல் அவைமுன்னே திருத்துவது, மேற்கூறிய உடன்பாட்டை மதிக்கும் செயல் என்றே கொள்ள வேண்டும்.

1992 ஆம் ஆண்டு ‘ரோஜா’வோடு அறிமுகமான ரகுமானின் முறை வேறு. பாடகரும் கருவிக்கலைஞரும் தனித்தனி நாள்களில் வந்து பல வகையாகப் பாடியும் வாசித்தும் பதிவு செய்வர். அவற்றுள் தேர்ந்தவற்றை அவர் அடுக்கி இணைப்பார். அப்பாடலில் ஒலிக்கும் அனைவரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் இருந்த கணம் ஒன்று பெரும்பாலும் இல்லை. அத்தகைய பாடலை மேடையேற்றுவது நகலெடுப்பன்று; ஒரு மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பில் மூலத்தின் ஒவ்வொரு சொல்லையும் தேடுவோர் ஏமாறுவது உறுதி. ‘அப்படியே’ ஒலிக்க வேண்டும் என்று வற்புறுத்தினால், முன்பே பதிவு செய்த ஒலித்தடத்தை ஓடவிடுவதைத் தவிர வேறு வழி இராது.

இவ்விரு வழிகளுக்கும் நடுவே எஸ்.பி. பாலசுப்பிரமணியம் (1946-2020) ஒரு பாடம். மேடையில் பாடும்போது பழகிய பாட்டின் எலும்பை அவர் மாற்றுவதில்லை. ஆயினும், ஓரிடத்தில் புதிய சங்கதி, ஓரிடத்தில் சிரிப்பு, ஓரிடத்தில் நீட்டம் எனப் பதிவில் இல்லாத ஒன்றைச் சேர்ப்பார். கேட்போர் அதற்கே ஆரவாரித்தனர். பதிவிலிருந்து விலகுவதே குறையன்று. விலகும் இடம் பாட்டுக்குள்ளிருந்து பிறக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

ஒத்திகையின்மையைப் ‘புதுமை’ என்று பூசி மெழுகுவோரும் உளர். அவர்களை வேறுபடுத்துவது எவ்வாறு? இங்கே அரங்கேற்று காதையின் அளவைகள் மீண்டும் துணைபுரிகின்றன. மாற்றிப் பாடும்போது உடன் இசைப்போர் அம்மாற்றத்தை அறிந்து உடன் செல்கின்றனரா? சுருதியும் தாளமும் தம்முள் இயைந்துள்ளனவா? மாற்றம் பாட்டின் பொருளுக்கு ஏதேனும் சேர்க்கிறதா? விடை ஆம் எனின் அது ஆக்கம். தாளக்காரர் பாடகரைத் துரத்திக்கொண்டும் பாடகர் வரியைத் தேடிக்கொண்டும் இருப்பின் அது சோம்பல். இவ்வினாக்களுக்கு விடைகாணப் பதிவின் துணை வேண்டியதில்லை. அரங்கில் ஒலிப்பதே போதுமானது.

வகுப்பறையும் செவிப்பயிற்சியும்

‘பதிவுபோல் இல்லை’ என்னும் தீர்ப்பு வெறும் பேச்சோடு நின்றுவிடுவதில்லை. அத்தீர்ப்புக்கு அஞ்சும் ஏற்பாட்டாளர் ஒலித்தடத்தை நாடுகிறார். ஒலித்தடம் வந்தால் வயலினுக்கும் குழலுக்கும் தபேலாவுக்கும் ஆள் வேண்டியதில்லை. நம் நாடுகளில் தமிழ் இசைக்குழுக்களில் வாசித்துவந்த கருவிக்கலைஞர்களின் இடம் இவ்வாறு சுருங்குகிறது. அவர்களுடைய பிள்ளைகள் கருவியைக் கற்க வேண்டிய தேவையும் சுருங்குகிறது. செம்மையை விரும்பிய செவி, செம்மையை உண்டாக்கும் கைகளை இழக்கிறது. நாம் இழக்கவிருப்பது இதுவே.

ஆசிரியர்கள் இதனைப் பள்ளியிலேயே காணலாம். பாட்டுப்போட்டி என்றால் குரல் நீக்கிய ஒலித்தடத்தோடு மாணவர் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. மூலப்பாடகரின் மூச்சு, இழுப்பு, உச்சரிப்புப் பிழை உட்பட அனைத்தையும் மாணவர் நகலெடுக்கின்றனர். நகல் எவ்வளவு நெருங்கியதோ அவ்வளவு மதிப்பெண். லகர, ளகர, ழகர வேறுபாடு மூலப்பாடகரிடம் இல்லையாயின் மாணவரிடமும் இல்லை. சுருதியைத் தாமே பிடித்துக்கொண்டு தொடங்கவோ, தாளம் தவறினால் மீளவோ அவர்கள் கற்பதில்லை. ஒலித்தடம் நிற்கும் கணத்தில் பாட்டும் நின்றுவிடுகிறது.

இதற்கு மாற்றாக எளிய பயிற்சிகள் உண்டு. ஒரே பாடலின் பதிவையும் அதே பாடகரின் இரண்டு மேடை வடிவங்களையும் வகுப்பில் அடுத்தடுத்துக் கேட்கச் செய்யலாம். எங்கே மாறியது, ஏன் மாறியது, மாற்றத்தால் பொருள் என்ன ஆயிற்று என்று எழுதச் சொல்லலாம். செய்யுளை ஒலித்தடமின்றி, ஒரு கைத்தாளத்தோடு மட்டும் பாடச் செய்யலாம். போட்டிகளில் ஒரு பிரிவையேனும் உடனிசைக் கருவியொன்றோடு நடத்தலாம். ஒரு பாடத்தின் பல வாசிப்புகளை மதிக்கக் கற்றுத்தரும் இலக்கிய ஆசிரியர்க்கு, ஒரு பாடலின் பல நிகழ்வுகளை மதிக்கக் கற்றுத்தருவது அயலான பணியன்று.

முடிவுரை

நேரடி இசைநிகழ்ச்சி தரும் ஏமாற்றம் ஒன்றன்று, மூன்று. அரங்கின் குறையால் வருவதற்கு ஏற்பாட்டாளர் பொறுப்பு. பயிற்சியின்மையாலும் உடன்பாட்டை மீறுவதாலும் வருவதற்குக் கலைஞர் பொறுப்பு. அதனைத் தயக்கமின்றிச் சுட்டிக்காட்டும் உரிமை சீட்டு வாங்கிய எவர்க்கும் உண்டு. பதிவை உவமையாக வைத்துக்கொண்டு சென்றதால் வருவதற்குக் கேட்போரே பொறுப்பு. மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பிடும்போது, ஒலிபெருக்கியின் பிழைக்குப் பாடகர் பழிசுமக்கிறார். சோம்பிய பாடகர் ஒலிபெருக்கியின்மேல் பழிபோட்டுத் தப்புகிறார்.

அடுத்தமுறை அரங்கை விட்டு வெளியேறும்போது ‘பதிவில் கேட்டதுபோல் இல்லை’ என்று சொல்லத் தோன்றினால், அத்தொடரைச் சற்றே திருப்பிப் பார்க்கலாம். இன்று கேட்டது எந்தப் பதிவிலும் இல்லை. அது நன்றாக இருந்ததா, இல்லையா என்பதை அன்று அங்கே ஒலித்ததைக் கொண்டே கூறவேண்டும். அவ்வாறு கூறும் செவியை வளர்ப்பது இசையாசிரியர் பணி மட்டுமன்று. மொழி ஆசிரியர்க்கும் அதில் பங்குண்டு.